உதட்டுக் காயமும் கணைக்கால் காயமும்

(தோட்டக் கிளையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)



"சில காயங்கள் சீக்கிரம் ஆறுகின்றன, சில காயங்கள் ஆற மாட்டேன் என்கின்றன, காரணம் என்ன?" என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். தரப்பட்டது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் நானே செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் வைத்தியன் அல்லன். உங்களைப் போலத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். அப்படியிருக்க இவன் ஏன் காயத்தைப் பற்றிப் பேச வருகிறான் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நான் செய்த ஒரு பிழையிலிருந்துதான் இந்தப் பேச்சு பிறந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில், ஒரே வாரத்தில், நம் டிவிஷனில் இரண்டு பேருக்கு அடிபட்டது. ஒருவன் தம்பி, இருபது வயதுப் பிள்ளை. பால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஸ்டோருக்குப் போகும்போது சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தான். மேலுதடு உள்ளும் புறமும் கிழிந்து, முகமெல்லாம் இரத்தம். பார்த்தவர்கள் பயந்தே போனார்கள். இன்னொருவர் ஓர் அக்கா. சரிவிலே மரத்துக்கு மரம் இறங்கும்போது கால் வழுக்கி, கையிலிருந்த வெட்டுக்கத்தி அவருடைய கணைக்காலின் முன்பக்கத்தைக் கீறிவிட்டது. இரண்டு விரற்கடை நீளம் இருக்கும். இரத்தம்கூட அதிகம் வரவில்லை. நான்கு தையல் போட்டு, ஐந்து நாள் ஓய்வு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

தம்பிக்கு ஐந்தாம் நாள் தையல் பிரித்தாயிற்று. ஆறாம் நாள் பெரட்டில் வந்து நின்றான், கையில் வாழைப்பழத்தோடு. அன்றைக்கே அக்காவும் வந்தார், நொண்டிக்கொண்டு. "இன்னிக்கு நிரைக்குப் போக முடியலே. ஸ்டோர்ல ஏதாவது உக்காந்து செய்யிற வேலை இருந்தா குடுங்க கிராணியாரே" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனை பேர் நடுவில் சொல்கிறேன்: "தம்பிக்கு வாயே கிழிஞ்சு போச்சு, அவனே வந்துட்டான். உங்களுக்கு ஒரு கீறல். இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா நொண்டுவீங்க?" என்றேன். பெரட்டில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? புண்ணு நான் சொன்னா கேக்குமா?" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனார். எட்டாம் நாள் அதே சரிவில் தையல் விட்டுப்போய்ப் புண் வாயைத் திறந்துகொண்டது. பிறகு சீழ் வைத்தது. அது முழுவதும் ஆறப் பதினொரு வாரங்கள் சென்றன. அந்தப் பதினொரு வாரத்துக்கும் செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே குறி போட்டவனும் நான்தான்.

உதடு கிழிந்தவன் ஐந்து நாளில் தேறினான். காலில் கீறல் பட்டவர் பதினொரு வாரம் படுத்தார். இது அவர் சோம்பலா? நடிப்பா? தலையெழுத்தா? அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் கிளினிக்கில் கேட்டேன், படித்தவர்களிடம் கேட்டேன், கிடைத்த புத்தகங்களில் தேடினேன். எனக்குக் கிடைத்த விடையை உங்கள் முன் வைக்கிறேன்.

தோழர்களே, காயம் ஆறும் விஷயத்தில் உங்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் காயம் செய்கிறவர்கள் நீங்கள். காயத்தை எப்படிச் செய்தால் ஆறும், எப்படிச் செய்தால் ஆறாது என்பதுதானே நம் தொழிலே? ஆதியில் பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி கட்டை வரை இறங்கும். அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். 1890களில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்னும் வெள்ளைக்காரர், கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, பழைய கோட்டையே மறுபடி மறுபடி திறக்கும் முறையைப் பயின்று காட்டினார். மலாயாவின் பால்மரக் காடுகள் அனைத்தும் அந்த ஒரு முறையின்மேல் எழுந்தவை.

அதன் இரகசியம் என்ன? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் போன்ற ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. காம்பியம் என்று அதற்குப் பெயர். புதுப்பட்டையை உண்டாக்குவது அதுதான். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுச் சீவினால், அந்த முகம் முழுவதும் ஒரே சமயத்தில் புதுப்பட்டை கட்டும். கத்தி அதையும் வெட்டிக் கட்டையைத் தொட்டுவிட்டால்? அந்த இடத்தில் புதுப்பட்டை பிறக்க வழியில்லை. பக்கத்திலிருந்துதான் ஊர்ந்து வந்து மூட வேண்டும். "மரத்தைக் காயப்படுத்திட்டே" என்று மண்டோர் சத்தம் போடுவது இதற்குத்தான்.

மனிதத் தோலும் இப்படியே. தோலில் மயிர் முளைக்கும் குழிகள் இருக்கின்றன அல்லவா? அந்தக் குழியின் அடியில் புதுத்தோலை உண்டாக்கும் விதை போன்ற அணுக்கள் இருக்கின்றன. விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டால், மேல்தோல் போகும். ஆனால் குழிகளின் அடிப்பாகம் தப்பிவிடும். ஒவ்வொரு குழியிலிருந்தும் தோல் கிளம்பி, ஒன்றோடொன்று கைகோத்து மூடிவிடும். சிராய்ப்பு எவ்வளவு அகலமாயிருந்தாலும் சீக்கிரம் ஆறுவது அதனால்தான். அந்தக் குழிகளும் போகும்படி ஆழமாகச் சதை பிய்ந்துவிட்டால், கட்டையைத் தொட்ட வெட்டின் கதைதான். ஓரத்திலிருந்து மட்டுமே தோல் நகர்ந்து வர வேண்டும். ஆகவே காயம் எவ்வளவு அகலம் என்பதைக் காட்டிலும் எவ்வளவு ஆழம் என்பதே பெரிய கேள்வி. தலையிலே மயிர்க்குழிகள் நெருக்கம், இரத்தமும் ஏராளம். ஆகவே தலைக்காயம் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் விரைவில் மூடிக்கொள்ளும். (தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் அது வேறு விஷயம். அது தோலைப் பற்றியது அன்று. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

நிற்க. காயம் பட்டதும் உடம்பு என்ன செய்கிறது? முதலில் இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடிவந்து அடைப்புப் போடுகின்றன. பிறகு வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த சதையையும் தின்று துப்புரவு செய்கின்றன. காயம் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பது அந்த நாட்களில்தான். அதன்பின் புதிய நுண்குழாய்கள் முளைத்து, கொலாஜன் என்னும் நார் பின்னப்பட்டு, மேலே தோல் ஊர்ந்து மூடுகிறது. கடைசியாக, பின்னிய நாரை இறுக்கி ஒழுங்குபடுத்தும் வேலை. இது மாதக்கணக்கில், சில சமயம் ஓர் ஆண்டுக்கு மேலும் நடக்கும்.

நாம் ஏமாறுவது இங்கேதான். மேலே தோல் மூடியதும் "ஆறிப்போச்சு" என்கிறோம். மூன்று வாரமான தழும்புக்கு முன்னிருந்த வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். எல்லாம் முடிந்த பின்பும் எண்பது சதவிகிதத்துக்கு மேல் அது ஏறுவதில்லை. மூன்று வாரத்துக்கே இவ்வளவுதான் என்றால், எட்டாம் நாள் சரிவில் ஏறி இறங்கிய காலின் தையல் எப்படித் தாங்கும்?

இந்த வேலைக்காரர்கள் அனைவரும் இரத்தத்தின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். உணவும் பிராணவாயுவும் அதே பாதையில். பாதை நன்றாக உள்ள இடத்தில் வேலை விரைவாக நடக்கும். பாதை மோசமான இடத்தில் தாமதமாகும். உதட்டைக் கிள்ளிப் பாருங்கள், இரத்தச் சிவப்பு வெளியே தெரிகிறது. வாய்க்குள் இன்னும் பல வசதிகள் உண்டு. எச்சில் எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. அதிலேயே கிருமியை அடக்குகிற பொருள்களும், தோல் அணுக்களை நகரத் தூண்டுகிற பொருள்களும் இருக்கின்றன. அது மட்டுமன்று. 2018ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆளின் வாய்க்குள்ளும் கைத்தோலிலும் சிறு காயம் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாயின் அணுக்கள் காயம் படுவதற்கு முன்பே பழுதுபார்க்கத் தயாராக நிற்கின்றன என்று கண்டார்கள். நமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், பெரட்டுச் சத்தம் கேட்பதற்கு முன்பே வாளியோடு வாசலில் நிற்கும் ஆட்கள் அவர்கள். கன்னத்தின் உள்ளே கடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் எங்கே கடித்தோம் என்பதே தெரியாமல் போகிறதே, காரணம் இதுதான்.

இனிக் கணைக்காலைப் பாருங்கள். முன்பக்கத்தில் தோல் மெல்லியது. அதன் கீழே சதையில்லை. எலும்பின்மேல் துணி போர்த்தியதுபோல் இருக்கிறது. இதயத்துக்கு வெகு தூரம். கீழே இறங்கிய இரத்தம் மேலே ஏற வேண்டும். கெண்டைச்சதை அமுங்கி அமுங்கித்தான் அதை மேலே தள்ளுகிறது. அதிகாலையிலிருந்து நிற்கிற காலில் நீர் இறங்கி வீங்குகிறது. வீங்கிய சதையில் நுண்குழாய்கள் நெரிபடுகின்றன. நரம்பு சுருண்டு முடிச்சு விழுந்த கால்களை நம் தாய்மார்களில் எத்தனை பேரிடம் பார்க்கிறோம்! அந்தக் கால்களில் இரத்தம் தேங்குகிறது. போதாக்குறைக்கு மழை, சேறு, ஈரப் பூட்ஸ். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் புண்ணின் இரு ஓரங்களும் இழுபடுகின்றன. உதட்டுக்கு இந்தக் கஷ்டம் ஏது?

இது நான் கண்டுபிடித்த புதுமையன்று. தையல் பிரிக்கும் நாளைப் பாருங்கள். வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முகத்தில் போட்ட தையலை மூன்று முதல் ஐந்து நாளில் பிரிப்பார்கள். தலையிலும் கையிலும் ஏழு முதல் பத்து நாள். காலிலும், மடக்கி நீட்டும் மூட்டுகளிலும் பத்து முதல் பதினான்கு நாள். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே வைத்தியர்; இடத்துக்கு இடம் நாள் வேறு. வைத்திய சாஸ்திரத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் தையல் பிரியவே இன்னும் நாள் இருந்தபோது நான் அவரை நிரைக்கு அனுப்பினேன்.

இரத்தமே போகாத இடங்களும் நம் உடம்பில் உண்டு. காதுமடலின் குருத்தெலும்பு அப்படிப்பட்டது. முழங்காலுக்குள் இரண்டு எலும்புக்கு நடுவே திண்டு போல ஒரு குருத்து இருக்கிறது. அதன் வெளி ஓரத்துக்கு மட்டும் இரத்தம் உண்டு, உட்புறத்துக்கு இல்லை. வெளி ஓரத்தில் கிழிந்தால் ஒட்ட வழியுண்டு. உள்ளே கிழிந்தது தானாக ஒட்டுவது அரிது. பால் வாளியைச் சுமந்து சரிவில் இறங்கும்போது முழங்கால் முறுக்கி, ஆண்டுக்கணக்கில் வலிக்கிறது என்பவர்களை "எலும்பு ஒடியலையே, என்ன வலி?" என்று கேட்காதீர்கள். ஒடிந்த எலும்பாவது தழும்பில்லாமல் பழைய எலும்பாகவே கூடிவிடும். விரல் எலும்பு மூன்று நான்கு வாரத்தில் கூடும். கணைக்கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதமும் அதற்கு மேலும் ஆகும். அங்கேயும் கால் பின்தங்கித்தான் நிற்கிறது! நகத்தைக்கூடப் பாருங்கள். கைவிரல் நகம் போனால் ஆறு மாதத்தில் முளைத்துவிடும். கால் கட்டைவிரல் நகம் முழுதாக வர ஓர் ஆண்டும் ஆகும், ஒன்றரை ஆண்டும் ஆகும்.

ஆனால் இதிலே ஒரு வியப்பு இருக்கிறது. இரத்தமே போகாத கருவிழி, மேலாகக் கீறினால் ஒன்றிரண்டு நாளில் மூடிக்கொள்கிறது. அது பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தும், உணவைக் கண்ணுக்குள் ஊறும் நீரிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. அதன் மேல்தோல் அணுக்கள் வெகு வேகமாக நகர்ந்து மூடக்கூடியவை. ஆனால் இதை நம்பி நாம் அலட்சியமாக இருக்கலாகாது. கீறல் ஆழமாகிவிட்டால் கண்ணில் பூ விழுந்துவிடும். அந்தத் தழும்பு வழியாகப் பார்வை நுழையாது. இலையோ, குச்சியோ, சருகோ பட்ட கண்ணில் பூஞ்சைக் காளான் புகுந்து புண் வைப்பது தோட்டங்களிலும் வயல்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஆபத்து. கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கசக்காதீர்கள், தாய்ப்பால், மூலிகைச் சாறு ஒன்றும் விடாதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். "நாளைக்குச் சரியாகும்" என்று நிரையை முடித்துவிட்டுப் போக வேண்டாம்.

இனி நம் சமூகத்தைப் பிடித்து ஆட்டும் ஒரு விஷயம். சர்க்கரை வியாதி. 2019ஆம் ஆண்டு மலேசிய அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கில், வயதுவந்தவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. 2023இல் அது 15.6 சதவிகிதம். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். சர்க்கரை கூடினால் காலுக்குப் போகும் குழாய்கள் அடைபடுகின்றன, வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. பூட்ஸுக்குள் ஒரு கல் கிடந்தால் உங்களுக்கும் எனக்கும் நான்கு அடி வைக்க முடியாது. மரத்துப்போன காலுக்கு அது தெரியாது. காலை முழுவதும் அதன்மேலேயே நடப்பார். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் காயத்தை அறிவார். வலிக்கவில்லை என்று மகிழ வேண்டாம் தாய்மார்களே. கால் விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள் என்று நாம் கேள்விப்படுகிற கதைகளில் பெரும்பாலானவை இப்படி வலிக்காத ஒரு சின்னப் புண்ணில் தொடங்கியவை. சர்க்கரை உள்ளவர் இரவில் படுக்கும்முன் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். புகை பிடிப்பவர்களுக்கும் சொல்கிறேன், ஒவ்வொரு சிகரெட்டும் அந்த நுண்குழாய்களைச் சுருக்குகிறது.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. புண்ணிலே காப்பித்தூள் அப்புவது, புகையிலை வைத்துக் கட்டுவது, இவற்றை விட்டுவிடுங்கள். அவை கிருமியையும் அழுக்கையும் உள்ளே வைத்து மூடுகின்றன. "காத்தாட விடு, காய்ஞ்சு பொருக்கு கட்டட்டும்" என்று என் தாயாரும் சொல்லியிருக்கிறார். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பன்றித் தோலில் சோதித்து, மூடி ஈரப்பதமாக வைத்த காயத்தில் தோல் இரு மடங்கு வேகமாக மூடுவதைக் காட்டினார். பொருக்குக் காய்ந்து கிடந்தால் தோல் அதன் அடியில் குடைந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டுக் கழுவி, சுத்தமான கட்டுப் போட்டு, நனைந்தால் மாற்றுங்கள். ஈரம் என்றால் பூட்ஸுக்குள் ஊறும் சேற்றுத் தண்ணீர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணில் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை காலமாயிற்று என்று கிளினிக்கில் கேளுங்கள். இன்னொன்று, புண்ணுள்ளவருக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது என்று பத்தியம் போட்டு வெறும் கஞ்சி கொடுக்கிறோமே, அது பெரிய தவறு. புண்ணை மூடும் நாரே புரதத்தால் பின்னப்படுகிறது. பொருள் கொடுக்காமல் வீடு கட்டச் சொன்னால் எப்படி? முட்டையும் நெத்திலியும் பருப்பும் கொடுங்கள். வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கொய்யாப்பழம் கொடுங்கள். அந்த நாரைப் பின்ன வேண்டிய வைட்டமின் சி அதில் நிறைய இருக்கிறது.

தோழர்களே, இப்போது நான் படித்தவற்றிலே என்னை மிகவும் உறுத்திய ஒரு செய்திக்கு வருகிறேன். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மறதி நோய் பிடித்த சொந்தக்காரரை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பதின்மூன்று பேர். அதே வயதில், அந்தப் பாரம் இல்லாத பெண்கள் பதின்மூன்று பேர். எல்லார் கையிலும் ஒரே அளவாக ஒரு சிறு துளைக் காயம் செய்தார்கள். பாரமில்லாதவர்களுக்குச் சராசரி 39 நாளில் ஆறியது. பாரமுள்ளவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள் ஆயிற்று. பின்னர் 1998இல் அதே ஆய்வாளர்கள் பல் வைத்தியம் படிக்கும் மாணவர்களின் வாய்க்குள் காயம் செய்து பார்த்தார்கள். விடுமுறையில் செய்த காயத்தைவிடப் பரீட்சை நேரத்தில் செய்த காயம் ஆற நாற்பது சதவிகிதம் அதிகக் காலம் பிடித்தது. வேகமாக ஆறுகிற வாயே கவலை வந்தால் பின்தங்குகிறது என்றால், காலின் நிலைமையைக் கூறவும் வேண்டுமோ?

கவலை வெறும் மனத்தில் இருப்பதன்று. அது இரத்தத்தில் கலக்கிறது, வெள்ளணுக்களைத் தாமதப்படுத்துகிறது. அப்படியானால், "இந்த மாதம் சம்பளம் எவ்வளவு குறையும், கடைக்கடன் எப்படி அடைப்பது, பிள்ளையின் பள்ளி பஸ்ஸுக்கு என்ன செய்வது" என்று படுத்திருப்பவரின் புண் எப்படி ஆறும்? பெரட்டில் எல்லார் முன்னும் சிரிக்கப்பட்டவரின் புண் எப்படி ஆறும்? நான் அக்காவை நிரைக்கு அனுப்பியது மட்டுமன்று, ஆறுகிற வழியையும் ஒரு சொல்லால் அடைத்தேன்.

மரத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டாமல் விட்டு, மறுநாள் வெட்டுகிற முறை இருக்கிறது. ஒரு பக்கத்தை நான்கைந்து ஆண்டு வெட்டினால் மறுபக்கத்துக்குப் போகிறோம். முதல் பக்கத்தில் புதுப்பட்டை தடிக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். பட்டை கனம் போதாவிட்டால், "இன்னும் ஆகவில்லை" என்று துரையே சொல்லிவிடுவார். மரம் நடிக்கிறது என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. எந்தக் கிராணியும் எழுதியதில்லை.

ஆகவே சில விஷயங்களைக் கிளையின் முன் வைக்கிறேன். வேலையில் அடிபட்டால், சிறிதானாலும், அன்றைக்கே ஆபீசில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். வைத்தியர் நான்கு நாளுக்குக் குறையாமல் ஓய்வு எழுதினால், அந்த நாட்களுக்குத் தினக்கூலியின் சராசரியில் எண்பது சதவிகிதம் சொக்சோவிலிருந்து கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கும் வேலை விபத்துக்குச் சொக்சோ உண்டு. நம் பக்கத்து நிரையில் வெட்டுகிற இந்தோனேசிய நண்பருக்கும் வங்காளதேச நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் காலும் நம் காலைப் போன்றதே. வேலையில் படாத காயத்துக்கும் நோய்க்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். வைத்தியரிடம் போகும்போது "காலில் காயம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சரிவில் ஏறி இறங்குகிற வேலை, காலையிலிருந்து நிற்க வேண்டும், பூட்ஸ் போட வேண்டும்" என்று சொல்லுங்கள். பட்டணத்து வைத்தியருக்கு நம் நிரை எப்படியிருக்கும் என்று தெரியாது. அவர் மேசை நாற்காலி வேலையை நினைத்து ஐந்து நாள் எழுதிவிடுவார்.

அடுத்தது நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. காலில் காயம்பட்டவர் ஓய்வு முடிந்து திரும்பும்போது, முதல் இரண்டு வாரம் நாற்றங்காலிலோ ஸ்டோரிலோ காலை உயர வைத்து உட்கார்ந்து செய்யும் வேலை தரப்பட வேண்டும். அதனால் அவர் கூலி குறையக்கூடாது. இதை எழுத்து மூலமாகக் கேட்போம் என்று தீர்மானத்துக்கு முன்மொழிகிறேன். "ஆள் பற்றாக்குறை" என்று பதில் வரும். பதினொரு வாரம் ஒரு நிரை வெட்டப்படாமல் கிடந்ததால் குறைந்த பாலின் கணக்கு என்னிடம் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டுகிறேன், இரண்டு வார ஸ்டோர் வேலை எவ்வளவு மலிவு என்பது எண்ணிலே தெரியும். என் சக கிராணி நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காயம் எந்த இடத்தில் என்று எழுத நமது புத்தகத்தில் ஒரு கட்டம் போடுவோம். நான் என் புத்தகத்தில் போட்டுவிட்டேன்.

அக்கா இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதையைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று போன வாரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சொல்லுங்க கிராணியாரே. ஆனா பெரட்டுல சத்தமாச் சொன்னதைக் கூட்டத்துல மெதுவாச் சொல்லிறாதீங்க" என்றார். அதனால்தான் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பேசினேன். அக்கா, அன்று நான் சொன்னது தவறு. என்னை மன்னிக்க வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மருத்துவ உதவியாளர் வந்து, பின்னால் ஆயாக்கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை பார்ப்பார், பாதத்தையும் பார்ப்பார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வரிசையாக வாருங்கள். முதல் ஆளாக நான் போகிறேன். என் பின்னால் தலைவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.